23 நாள் காய்ச்சல், ஆனால் ரத்தத்தில் வெள்ளணு ஏறவில்லை. ஏன்?

வில்லிவாக்கம் பால்காரர் மகன்:
அப்பாவுக்கு 58 வயது. வீட்டுக்குப் பின்னால் மூன்று மாடு வைத்திருக்கிறார். காலையில் டீக்கடை வரை நடந்து போய் வருகிறார். சாயங்காலம் ஐந்து மணி ஆனால் குளிர் எடுக்கிறது, ராத்திரி வேர்வையில் தலையணை உறை நனைந்து போகிறது. இடுப்புவலி வேறு. பிளேட்லெட் 1,20,000 என்றதும் டெங்கு என்று பயந்து அத்தை பப்பாளி இலைச் சாறு அரைத்துக் கொடுத்தார் (பாவம், அப்பா குடித்தும் விட்டார்). டெங்கு இல்லை. அப்புறம் வைடால் என்ற டைபாய்டு ரத்தப் பரிசோதனை லேசாக பாசிட்டிவ், டைபாய்டு என்று ஊசி போட்டார்கள். நாலு நாள் நின்ற காய்ச்சல் திரும்பி வந்துவிட்டது. நேற்றைய ரிப்போர்ட்டில் வெள்ளணு 3,400 (குறைவு), அதில் லிம்போசைட் என்ற வகை 54 சதவீதம் (அதிகம்), ஹீமோகுளோபின் 10.8, கல்லீரல் சோதனையான எஸ்ஜிபிடி 82 (அதிகம்). கிருமி என்றால் வெள்ளணு ஏறத்தானே வேண்டும்?

கொளத்தூர் லேப்காரன்:
எல்லாக் கிருமிக்கும் ஏறாது. டைபாய்டிலும் இறங்கும், குழப்பமே அங்கேதான். புருசெல்லா என்று ஒன்று உண்டு, மாட்டிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் கிருமி, மாட்டுக்குக் கருச்சிதைவு உண்டாக்கும். அது வெள்ளணுவுக்குள்ளேயே புகுந்து கல்லீரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜையில் குடியேறிவிடும். அதிலும் இதே மாதிரி எண்கள் வரும். காசநோயிலும் வரலாம், அதனால் இதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். மாடு ஏதாவது கன்று வீசியதா, அதாவது மாதம் நிறையுமுன் கரு கலைந்ததா?

வில்லிவாக்கம் பால்காரர் மகன்:
ஐயோ, ஆமாம் சார். போன மாசம் சிவப்பி ஏழாம் மாதத்தில் வீசிவிட்டாள். நஞ்சுக்கொடி விழவில்லை என்று அப்பா வெறுங்கையால் எடுத்தார். டாக்டர் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

கொளத்தூர் லேப்காரன்:
நாளைக்கு முதல் வேலையாக இதைச் சொல்லுங்கள். முதலில் ரோஸ் பெங்கால், பிறகு எஸ்ஏடி பார்ப்பார்கள்; இரண்டும் புருசெல்லாவுக்கு எதிரான எதிர்ப்பொருளைத் தேடும் ரத்தப் பரிசோதனைகள். எஸ்ஏடி அளவு 1:160 அல்லது அதற்கு மேல் வந்தால் சந்தேகம் வலுக்கும். ரத்தத்திலிருந்து கிருமியை வளர்த்துப் பார்க்கும் பிளட் கல்ச்சர் சீட்டில் 'புருசெல்லா சந்தேகம்' என்று எழுதச் சொல்லுங்கள். மெதுவாக வளரும் கிருமி, சீக்கிரம் தூக்கிப் போட்டுவிடக் கூடாது. தெரியாமல் கிருமி வளர்க்கும் தட்டைத் திறந்து மோந்து பார்த்தால் எங்களுக்கே தொற்றிக்கொள்ளும்.

ஒருமுறை பட்டவன்:
எனக்கு இதே புருசெல்லா வந்தபோது டாக்சிசைக்ளின், ரிஃபாம்பிசின் மாத்திரைகள் ஆறு வாரம் எழுதிக் கொடுத்தார்கள். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், பயப்படாதீர்கள். மூன்றாம் வாரமே உடம்பு தேறிவிட்டது என்று நானாக நிறுத்தினேன். இரண்டே மாதத்தில் மறுபடி அதே காய்ச்சல், முதலிலிருந்து ஆறு வாரம்.

வேப்பேரி கால்நடை மாணவி:
மற்ற இரண்டு மாட்டுக்கும் ரத்தம் பார்க்க வேண்டும். புருசெல்லா தடுப்பூசி 4 முதல் 8 மாதக் கிடேரிக் கன்றுகளுக்குத்தான், வளர்ந்த மாட்டுக்கு இல்லை. பாலைப் பொங்கக் காய்ச்சாமல் யாருக்கும் கொடுக்காதீர்கள்.

வில்லிவாக்கம் பால்காரர் மகன்:
சரி. காலையில் அப்பாவுக்கு ரத்தம் பார்க்கிறோம், மதியம் சிவப்பியோடு நிற்கும் மற்ற மாடுகளுக்கு.