நீலநாக்கு நோய் கண்காணிப்பு: பொறியில் குலிகாய்டஸ் சிக்கவில்லை

ஆடுகளுக்கு வரும் நீலநாக்கு வைரஸ் நோயைப் பரப்பும் குலிகாய்டஸ் என்ற ரத்தம் குடிக்கும் சிறு பூச்சியைப் பிடிக்க, ஆட்டுக்கொட்டகையில் புற ஊதா விளக்குப் பொறி மாட்டியும் குடுவை முழுக்க அந்துப்பூச்சிதான். எங்கே தவறு?

பதில் 1: பொறி வாயில் 2 மி.மீ. கண்ணுள்ள வலை கட்டுங்க. குலிகாய்டஸ் 1–3 மி.மீ.தான், நுழைந்துவிடும். உயரம் 1.5–2 மீட்டர், பொழுது சாயும் முன் போட்டு, விடிந்தபின் அணைக்கணும். பக்கத்தில் வேறு பல்பு எரிந்தாலோ காற்றடித்தாலோ வரத்து குறையும். அந்த இரவின் பூஜ்யத்தை ‘பூச்சி இல்லை’ என்று தயவுசெய்து பதியாதீங்க.

பதில் 2: குடுவைத் தண்ணீரில் ஒரு சொட்டு சோப்புத் திரவம் விட்டீங்களா? இல்லையென்றால் பூச்சி மூழ்காமல் மிதக்கும். காலையில் 70% எத்தனாலுக்கு மாற்றிடுங்க. நுண்ணோக்கியில் பார்த்தால் குலிகாய்டஸின் பல இனங்களுக்கு இறக்கையில் சாம்பல் திட்டுகள் தெரியும்.

பதில் 3: பி.சி.ஆர். சோதனைக்கு (வைரஸின் மரபணுப் பொருளைத் தேடும் ஆய்வகச் சோதனை) அனுப்புவதானால் வயிறு சிவந்து உப்பியவற்றைத் தனியே பிரிங்க. குடித்த ரத்தத்திலுள்ள வைரஸே பாசிட்டிவ் காட்டிவிடும். அந்த இனம் நோயைப் பரப்புகிறது என்பதற்கு அது சான்றாகாது.