நாயோடு வெளிநாடு போகிறோம், வாடகை வீடு எப்படிப் பிடிப்பது?

வேப்பநிழல்:

வணக்கம். கணவருக்கு வேலை மாற்றம் வந்திருக்கிறது. பெர்லின், டொராண்டோ இரண்டில் ஒன்றை நீங்களே சொல்லுங்கள் என்று நிறுவனத்தில் கேட்டிருக்கிறார்கள். எங்களோடு மின்னியும் வருகிறாள். ஐந்து வயது, கலப்பினப் பெண் நாய், இருபது கிலோவுக்குக் கொஞ்சம் மேலே இருப்பாள். அவளை விட்டுவிட்டுப் போகும் பேச்சே இல்லை, அதனால் யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போங்கள் என்ற யோசனை மட்டும் தயவுசெய்து வேண்டாம்.

சிக்கல் வீடுதான். இணையத்தில் பார்க்கும் விளம்பரங்களில் பாதிக்கு மேல் வளர்ப்புப் பிராணிகள் கூடாது என்றே போட்டிருக்கிறது. எதுவும் போடாத இடங்களுக்கு எழுதினால், நாய் என்ற சொல்லைப் பார்த்ததும் பதில் நின்றுவிடுகிறது. உடனே சரி என்று சொன்ன ஒரே ஒருவர், முன்பணம் அனுப்புங்கள், சாவியைத் தபாலில் அனுப்புகிறேன் என்கிறார். நாயைப் பற்றி முதலிலேயே சொல்ல வேண்டுமா, இல்லை வீட்டைப் பார்த்துப் பேசி முடித்த பிறகு சொல்வதா? அந்த ஊர்களில் இதற்குச் சட்டம் ஏதாவது இருக்கிறதா? விமானம் ஏறும் முன்பே வீட்டை முடித்துவிட வேண்டும் என்று நினைக்கிறேன், அது சரியா?

மழைச்சாரல்:

முதலில் அந்தச் சாவி ஆசாமி. பணம் அனுப்பாதீர்கள், ஒரு ரூபாய்கூட வேண்டாம். வீட்டை நீங்களோ உங்களுக்குத் தெரிந்தவரோ நேரில் பார்க்காமல், ஒப்பந்தத்தில் கையெழுத்து ஆகாமல் முன்பணம் கேட்பவர் எவராக இருந்தாலும் அது மோசடி என்றே வைத்துக்கொள்ளுங்கள். நாயோடு வருகிறவர்கள் பத்து இடத்தில் மறுப்பு வாங்கிச் சோர்ந்து போயிருப்பார்கள் என்று இவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

இனி பெர்லின். நாங்களும் இங்கே நாயோடுதான் வந்தோம், வாடகை வீட்டில்தான் இருக்கிறோம். சட்டம் என்று பார்த்தால், 2013 மார்ச்சில் ஜெர்மனியின் கூட்டாட்சி நீதிமன்றம் ஒரு தீர்ப்புக் கொடுத்தது. அச்சடித்த பொது ஒப்பந்தத்தில் 'நாய், பூனை கூடவே கூடாது' என்று ஒரேயடியாகத் தடை போட்டால் அந்தப் பிரிவு செல்லாது. இதைப் படித்துவிட்டு, அப்போ கேட்காமலே வைத்துக்கொள்ளலாம் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். தீர்ப்பு அப்படிச் சொல்லவில்லை. எந்த நாய், என்ன அளவு, வீடு எப்படி, அக்கம்பக்கத்தார் யார், இதையெல்லாம் வைத்து ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. கிளி, மீன், வெள்ளெலி மாதிரிச் சின்ன உயிர்களுக்கு அனுமதி தேவையில்லை. நாய்க்குக் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்வதுதான் நல்லது.

ஆனால் இந்தச் சட்டம் எல்லாம் வீடு கிடைத்த பிறகுதான் கைகொடுக்கும். பெர்லினில் ஒரு வீட்டுக்கு விளம்பரம் போட்டால் விண்ணப்பங்கள் குவிந்துவிடும், அதில் யாரை எடுப்பது என்பது வீட்டுக்காரர் கையில் இருக்கிறது, நாய் இல்லாத ஒருவரை அவர் எடுத்தால் நீங்கள் எதுவும் கேட்க முடியாது. அதனால் நம் வேலை அந்தக் குவியலில் நம் தாளை மேலே கொண்டுவருவது. புதிதாக வருகிறவருக்கு ஷூஃபா என்ற கடன் வரலாற்று அறிக்கை இருக்காது, அதற்குப் பதில் வேலை ஒப்பந்தத்தையும் சம்பளச் சீட்டுகளையும் வையுங்கள். நிறுவனமே ஒரு கடிதம் கொடுத்தால் அதையும் வையுங்கள். அதோடு மின்னிக்கென்று தனியாக ஒரு பக்கம்: படம், வயது, எடை, தடுப்பூசி, கருத்தடை ஆகிவிட்டதா, இப்போது இருக்கும் வீட்டுக்காரர் அவளைப் பற்றி எழுதிக்கொடுத்த நாலு வரி. ஜெர்மன் மொழியில் இருக்கட்டும். எங்கள் வீட்டுக்காரம்மா அந்த நாலு வரியைத்தான் முதலில் படித்ததாகப் பிறகு சொன்னார்.

நாய்க்கான பொறுப்புக் காப்பீடு பெர்லினில் சட்டப்படியே கட்டாயம். எடுக்கும்போது, வாடகை வீட்டுக்கு வரும் சேதத்தையும் அந்தத் திட்டம் ஏற்குமா என்று பாருங்கள், ஏற்கும் என்றால் அதை விண்ணப்பத்திலேயே சொல்லுங்கள். நாய் வரி என்று ஒன்றும் உண்டு, பெர்லினில் முதல் நாய்க்கு ஆண்டுக்கு 120 யூரோ. முன்பணம் மூன்று மாத அடிப்படை வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது, நாய்க்கு என்று அதற்கு மேல் தனியாகவும் வாங்க முடியாது. அதையே மூன்று தவணையாகக் கட்டவும் உங்களுக்கு உரிமை இருக்கிறது.

விமானம் ஏறும் முன்பே நிரந்தர வீடு என்ற எண்ணத்தை மட்டும் விட்டுவிடுங்கள். தூரத்தில் இருந்துகொண்டு அதுவும் நாயோடு அது நடப்பது அபூர்வம். அறைகலனோடு கிடைக்கும் தற்காலிக வீடு ஒன்றை, நாய் அனுமதியோடு, இரண்டு மூன்று மாதத்துக்கு எடுங்கள். வாடகை கூடத்தான் இருக்கும். அந்த முகவரியில் நகரப் பதிவு செய்துகொள்ள முடியுமா என்று பணம் கட்டும் முன்பே கேளுங்கள். குடிபுகுந்து இரண்டு வாரத்துக்குள் பதிய வேண்டும், அதற்கு வீடு கொடுப்பவரின் உறுதிக் கடிதம் வேண்டும், சில தற்காலிக வீடுகளில் அதைத் தரமாட்டார்கள். பதிவு இல்லாமல் மற்ற வேலைகள் ஒவ்வொன்றாக முட்டிக்கொண்டு நிற்கும்.

திண்ணை:

நான் இரண்டு வீடுகளை வாடகைக்கு விடுகிறவள், அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். நாயை மறைக்காதீர்கள். கையெழுத்தான பிறகு தெரியவந்தால் எனக்கு நாய்மேல் கோபம் வராது, மறைத்தவர்மேல்தான் வரும், இன்னும் என்னவெல்லாம் மறைத்திருப்பார்களோ என்று அப்புறம் ஒவ்வொன்றிலும் சந்தேகம்தான். முதல் கடிதத்திலேயே சொல்லுங்கள், ஆனால் முதல் வரியில் வேண்டாம். நீங்கள் யார், என்ன வேலை, எப்போது வருகிறீர்கள், எவ்வளவு காலம் இருப்பீர்கள், இதெல்லாம் முடிந்த பிறகு மின்னி வரட்டும்.

வீட்டுக்காரருக்கு உண்மையில் என்ன பயம் என்பதையும் யோசியுங்கள். பகல் முழுக்கத் தனியாக இருந்து குரைக்குமா, பக்கத்து வீட்டிலிருந்து எனக்குப் புகார் வருமா, மரத்தரையைக் கீறுமா, போகும்போது வாடை இருக்குமா. இந்த நாலுக்கும் கேட்கும் முன்பே பதில் எழுதிவிடுங்கள். பகலில் வீட்டில் யார் இருப்பார்கள் என்பதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியம். "ரொம்ப நல்ல நாய்" என்று எல்லாரும்தான் எழுதுகிறார்கள், அதனால் எனக்கு ஒன்றும் தெரியாது. மின்னி மின்தூக்கியில் ஏறி இறங்குவதை, அழைப்பு மணி அடிக்கும்போது எப்படி இருக்கிறாள் என்பதை ஒரு நிமிடக் காணொளியாக எடுத்து அனுப்புங்கள். வீட்டைப் பார்க்கப் போகும்போது அவளைக் கூட்டி வரலாமா என்றும் கேளுங்கள். நேரில் பார்த்த பிறகு மனம் மாறி நானே வீடு கொடுத்திருக்கிறேன்.

வடகாற்று:

டொராண்டோ பக்கம். ஒன்டாரியோ மாகாணத்தின் வாடகைக் குடியிருப்புச் சட்டம், 2006, அதன் 14ஆம் பிரிவின்படி ஒப்பந்தத்தில் பிராணிகள் கூடாது என்று எழுதியிருந்தாலும் அது செல்லாது. நாய்க்கு என்று தனி முன்பணமும் வாங்க முடியாது, கடைசி மாத வாடகையை முன்கூட்டி வாங்கலாம், சாவிக்குத் திருப்பித் தரும்படி சிறு தொகை வாங்கலாம், அவ்வளவுதான். இது ஒன்டாரியோவுக்கு மட்டும். அதே கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியாவில் பிராணிச் சேதத்துக்கு அரை மாத வாடகை வரை தனியாக வாங்கச் சட்டமே இடம் கொடுக்கிறது. கனடா என்று பொதுவாகத் தேடிப் படித்தால் குழம்பிப்போவீர்கள், மாகாணத்தைப் போட்டுத் தேடுங்கள்.

இங்கேயும் கதை மழைச்சாரல் சொன்னதுதான், விண்ணப்ப நிலையில் நாய் இருக்கிறது என்பதால் வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம், அதைத் தடுக்க வழியில்லை. இன்னொன்று காண்டோ, அதாவது ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனி உரிமையாளர் இருக்கும் அடுக்ககம். அடுக்கக நிர்வாகத்தின் சொந்த விதியிலேயே எடை வரம்போ தடையோ இருந்தால், 14ஆம் பிரிவு அதிலிருந்து உங்களைக் காப்பாற்றாது. வீட்டுக்காரர் வாயால் சரி என்பதை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள், அந்தக் கட்டடத்தின் விதித்தாளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். இருபது கிலோவுக்கு மேல் என்கிறீர்கள், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். கட்டடம் முழுவதும் வாடகைக்கே என்று கட்டி, ஒரே நிறுவனம் நிர்வகிக்கும் அடுக்ககங்களில் இந்தத் தலைவலி குறைவு, முதலில் அங்கே தேடுங்கள்.

கலப்பினம் என்பதால் ஒரு எச்சரிக்கை. ஒன்டாரியோவில் 2005 முதல் பிட்புல் வகைகளுக்குத் தடை இருக்கிறது, தோற்றத்தில் அதைப் போலவே இருக்கும் நாய்களையும் அந்தச் சட்டம் சேர்த்துக்கொள்கிறது. ஜெர்மனியிலும் சில இனங்களையும் அவற்றின் கலப்பையும் உள்ளே கொண்டுவர முடியாது. மின்னி அந்தச் சாடையில் இல்லையென்றால் கவலை இல்லை, ஆனாலும் இனம் பற்றிக் கால்நடை மருத்துவரிடம் எழுதி வாங்கிப் படங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். சான்றிதழில் ஓர் இடத்தில் ஒன்றும் இன்னோர் இடத்தில் வேறொன்றும் இருந்தால் விமான நிலையத்திலும் சிக்கல், வீட்டுக்காரரிடமும் சிக்கல்.

வேப்பநிழல்:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. சாவிக்காரருக்கு இனி பதில் எழுதப் போவதில்லை. கணவருக்கு பெர்லின் மேல்தான் விருப்பம். அவர் முதலில் போய் வீடு பார்த்துவிட்டு, கிடைத்த பிறகு மின்னியைச் சரக்கு விமானத்தில் அனுப்பி, நான் இங்கே வேலையை முடித்துக்கொண்டு கடைசியாகப் போகலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். ரேபிஸ் ஊசி போட்டிருக்கிறது, தோலுக்கடியில் வைக்கும் அடையாள மைக்ரோசிப் இன்னும் வைக்கவில்லை. இன்னும் மூன்று மாதத்தில் கிளம்ப முடியுமா?

கால்தடம்:

பிராணிகளை விமானத்தில் அனுப்பும் வேலையில் இருக்கிறேன், அதனால் இதைப் பார்த்ததும் எழுதுகிறேன். மூன்று மாதம் போதாமல் போகலாம். ஐரோப்பிய ஒன்றிய விதியில் வரிசை முக்கியம்: முதலில் சிப், அதற்குப் பிறகுதான் ரேபிஸ் ஊசி. சிப் வைக்கும் முன் போட்ட ஊசி கணக்கில் வராது, அதனால் சிப் வைத்துவிட்டு மறுபடி ஊசி போட வேண்டும். ரேபிஸ் ஆபத்துக் குறைவு என்று ஒன்றியம் ஏற்ற நாடுகளுக்கு ஒரு பட்டியல் உண்டு, நீங்கள் கிளம்பும் நாடு அதில் உள்ள நாடு என்றால் ஊசிக்குப் பிறகு 21 நாள் போதும். பட்டியலில் இல்லாத நாடு என்றால் ஊசி போட்டுக் குறைந்தது 30 நாள் கழித்து ரத்தம் எடுத்து, ஒன்றியம் அங்கீகரித்த ஆய்வகத்துக்கு அனுப்பி, எதிர்ப்பொருள் அளவு மில்லி லிட்டருக்கு 0.5 அலகாவது இருக்கிறது என்று காட்ட வேண்டும். அங்கேயும் முடியாது, ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். கூட்டிப் பாருங்கள், இன்றே சிப் வைத்தாலும் நாலு மாதத்துக்கு மேல் ஆகும். இடையில் ஊசியின் காலம் முடியவிடாதீர்கள், விட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

அடுத்தது அந்தச் 'சரக்கு விமானத்தில் அனுப்பி' என்ற திட்டம். உரிமையாளரின் பயணத்துக்கும் பிராணியின் பயணத்துக்கும் இடையில் ஐந்து நாளுக்கு மேல் போகக் கூடாது. போனால் அது சொந்தப் பயணக் கணக்கில் வராது, வணிக இறக்குமதி விதிகளுக்குள் போய்விடும், ஆவணமும் செலவும் வேறு மாதிரி. உங்கள் விஷயத்தில் வழி சுலபம்: மின்னியின் எல்லா ஆவணமும் உங்கள் பெயரில் இருக்கட்டும், கணவர் முதலில் போகட்டும், நீங்களும் மின்னியும் ஒரே பயணமாகப் போங்கள். நலச் சான்றிதழ் கையெழுத்தான பத்து நாளுக்குள் ஒன்றிய எல்லைக்குள் நுழைய வேண்டும், அதனால் அதைக் கடைசியில்தான் வாங்க வேண்டும். கூண்டை மட்டும் இப்போதே வாங்கி வீட்டில் திறந்து வையுங்கள், அதில் தானாகப் போய்ப் படுக்கும் நாய்க்கு விமானம் அவ்வளவு கொடுமையாக இருக்காது. இருபது கிலோ என்பதால் பயணிகள் அறையில் இடம் கிடைப்பது கடினம், கீழ்த்தளத்தில்தான் வருவாள்.

உப்புக்காற்று:

நாய்க்கு இல்லை, ஆனால் இந்த இழையைப் படிக்கும் பூனைக்காரர்களுக்காக. சிங்கப்பூரில் வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடிகளில் பூனை வளர்க்க 2024 செப்டம்பர் 1 முதல் அனுமதி உண்டு, ஒரு வீட்டுக்கு இரண்டு வரை, உரிமம் வேண்டும். வாடகைக்கு இருப்பவர் வீட்டுக்காரரிடமும் தனியாகக் கேட்க வேண்டும். அதற்கு முன் எழுதிய பழைய பதிவுகளைப் பார்த்துவிட்டுப் பூனையோடு வர முடியாது என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

மழைச்சாரல்:

வேப்பநிழல், இந்த நாலு மாதம் உங்களுக்கு நல்லதுதான். கணவர் முன்னால் வந்தால் நேரில் போய் வீடு பார்ப்பவராக ஆகிவிடுகிறார், சம்பளச் சீட்டும் ஒன்றிரண்டு கைக்கு வந்திருக்கும், அதோடு விண்ணப்பித்தால் விண்ணப்பத்தின் எடையே வேறு. அவர் முதலில் எடுக்கும் தற்காலிக வீட்டில் நாய் அனுமதி இல்லாவிட்டால்கூடப் பரவாயில்லை, மின்னி வர நாள் இருக்கிறது. வீடு பார்க்கும்போது எத்தனையாவது மாடி, மின்தூக்கி இருக்கிறதா, நடக்கும் தூரத்தில் பூங்கா இருக்கிறதா என்று கவனிக்கச் சொல்லுங்கள், பழைய கட்டடங்கள் பலவற்றில் மின்தூக்கி இருக்காது, நாய்க்கு வயதாகும்போது நாலு மாடிப்படி பெரிய பாடு. வீட்டுக்காரருக்கு அனுப்பும் கடிதத்தை இங்கே போடுங்கள், ஜெர்மனைச் சரிபார்த்துத் தருகிறேன்.