தீவனப்புல் அறுப்பு: நடுவே நீலக்கொக்கு அடைகாக்கிறது

கேள்வி: வணக்கம். தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நாட்டல் மிட்லண்ட்ஸ், 12 ஹெக்டேர் எரக்ராஸ்டிஸ் தீவனப்புல். நவம்பர் அறுப்பு நெருங்குகிறது. நடுவே ஒரு ஜோடி நீலக்கொக்கு (Blue Crane) முட்டையிட்டிருக்கிறது. அறுக்கலாமா?

பதில்: அறுக்கலாம் ஐயா, கூட்டைச் சுற்றி 50 மீட்டர் விட்டுவிடுங்கள். கூடென்று பெரிதாக ஒன்றும் இருக்காது, தரையில் இரண்டு முட்டைதான். அடைகாப்பு ஏறக்குறைய 30 நாள். அடையாளக் குச்சியைப் பத்து மீட்டராவது தள்ளி நடுங்கள். பக்கத்திலேயே நட்டால் காகத்துக்கு வழிகாட்டிவிடும்.

பதில்: ஓரத்திலிருந்து உள்நோக்கிச் சுற்றி அறுக்கவே வேண்டாம். பொரித்த குஞ்சுகள் நடுப்புல்லில் மாட்டிக்கொள்ளும். பறக்க மாதக்கணக்காகும், ஆபத்தென்றால் ஓடாமல் படுத்துவிடும். நடுவில் தொடங்கி வெளியே வாருங்கள், டிராக்டரை மெதுவாக ஓட்டி.

பதில்: நாய்களைக் கட்டிவையுங்கள். புல்லெரிப்பு முட்டைக்காலத்துக்கு முன்பே முடியவேண்டும்.