செக்காரர் 'நெவீம்', ரஷ்யர் 'நி ஸ்னாயு': ஏன் இரண்டு சொல்?

கிராண் பே வரவேற்பு:
வணக்கம். மொரீஷியஸில் கிராண் பே பக்கம் ஒரு ஹோட்டலில் வரவேற்பு மேசையில் வேலை செய்கிறேன். 'தெரியாது' என்பதற்கு செக் விருந்தினர்கள் 'நெவீம்' என்கிறார்கள், ரஷ்யர்கள் 'நி ஸ்னாயு' என்கிறார்கள். இரண்டும் ஸ்லாவிய மொழிகள்தானே, இவ்வளவு அடிப்படையான சொல் எப்படி வேறானது? ரஷ்ய அகராதியில் 'வேதாத்' என்றும் ஒரு சொல் பார்த்தேன், அதற்கும் 'அறி' என்றுதான் பொருள். உடனே வேதம், வித்யா நினைவுக்கு வந்தன. சம்பந்தம் உண்டா?

ரோஸ் ஹில் வாசகர்:
உண்டு, தங்கை, நெருங்கிய சம்பந்தம். நான் பிராகில் படித்தவன். இந்த வினையின் மேல் எனக்குத் தனிப் பிரியம்.

ஸ்லாவிய மொழிகள் எல்லாவற்றுக்கும் தாய் ஆதி ஸ்லாவியம். அதில் யாரும் எழுதி வைக்கவில்லை. பிள்ளை மொழிகளை ஒப்பிட்டு மீட்டெடுத்த சொல் *வேதேத்தி, 'அறிதல்'. நட்சத்திரக் குறி அதற்காகத்தான். அதற்கும் பின்னால் 'பார்' என்று பொருள்படும் இந்தோ-ஐரோப்பிய வேர் இருக்கிறது. 'பார்த்திருக்கிறேன்' என்ற முற்று வடிவமே 'எனக்குத் தெரியும்' என்று ஆகிவிட்டது. சமஸ்கிருத 'வேத', கிரேக்க 'ஒய்த', ஜெர்மன் 'வைஸ்' எல்லாம் அந்த வடிவம்தான். ரஷ்ய 'வீதெத்' (பார்), நம் பள்ளிக்கூடப் பிரெஞ்சு 'வ்வார்' இரண்டும் அதே வேர்.

863இல் மொராவியாவுக்கு (இன்றைய செக் நாட்டுப் பக்கம்) மதம் பரப்பப் போன சிரில், மெத்தோடியஸ் சகோதரர்கள் எழுத்து கொடுத்த பழைய திருச்சபை ஸ்லாவியத்தில் 'எனக்குத் தெரியும்' என்பதற்கு 'வேமி' உண்டு. கூடவே 'வேதே' என்றும் ஒன்று உண்டு. அது அந்தப் பழைய முற்றின் எச்சம். வேறு எந்த ஸ்லாவிய வினையிலும் அது மிஞ்சவில்லை. முதன்முதலாக அதைப் படித்தபோது புத்தகத்தை மூடவே மனம் வரவில்லை.

சரி, ரஷ்யருக்கு என்ன ஆனது? அறிவதற்கு *ஸ்னாத்தி என்ற இன்னொரு வினையும் இருந்தது. ஞானம் என்ற வடசொல்லின் வேர்தான் அதற்கும். செக்கில் இரண்டும் பிழைத்தன: ஒரு செய்தி தெரியும் என்றால் 'வீம்', ஆளையோ ஊரையோ தெரியும் என்றால் 'ஸ்னாம்'. பிரெஞ்சில் சவ்வார், கொனேத்ர் மாதிரி. நம் மொரீஷியஸ் கிரியோலில் எதற்கும் 'மோ பா கொனே' (எனக்குத் தெரியாது) தானே? ரஷ்யனும் அப்படியே எல்லாவற்றுக்கும் 'ஸ்னாத்' என்கிறான். 'வேதாத்' ஏட்டுச் சொல்லாக நிற்கிறது.

டர்பன் தமிழன்:
ஐயா, விழி, விடியல் இவையும் இதே வேரா? அப்புறம் ரஷ்யக் கரடி 'மெத்வேத்' என்றால் 'தேனை அறிந்தது' என்று எங்கோ படித்தேன்.

ரோஸ் ஹில் வாசகர்:
இல்லை தம்பி. விழி, விடியல் திராவிடச் சொற்கள். ஒலி ஒத்துப்போவது மட்டும் போதாது, மாற்றம் ஒழுங்காக வர வேண்டும். *வேதேத்தியின் முதல் உயிரொலி போலிஷில் 'வியெம்' என்றும், உக்ரைனியத்தில் 'விதாத்தி' என்றும், ஒவ்வொரு மொழியிலும் தன் விதிப்படியே மாறுகிறது. வேதமும் வித்யாவும்கூட நாம் வடமொழியிலிருந்து வாங்கியவை. நம் சொந்தச் சொல் 'அறி'.

கரடி விஷயம் நிறையப் பேர் நம்புவது. ஆனால் அது 'தேன் தின்னி'. தேனுக்கு 'மெது' (வடமொழி 'மது'வின் உறவு), தின்பதற்கு 'எத்'. நடுவில் வரும் 'வ்' மெதுவின் உகரத்திலிருந்து வந்தது. *வேதேத்தியின் உண்மையான பிள்ளை ரஷ்ய 'வேத்மா', சூனியக்காரி. அதாவது அறிந்தவள். 'வேஸ்த்' (செய்தி), 'சோவெஸ்த்' (மனசாட்சி) ஆகியவையும் இந்தக் குடும்பம்தான்.

கிராண் பே வரவேற்பு:
மிக்க நன்றி ஐயா. போலந்து தம்பதி ஒருவர் 'நியெ வியெம்' என்றது இப்போதுதான் புரிகிறது! மற்றவர்களிடம் என்ன எதிர்பார்க்கலாம்?

ரோஸ் ஹில் வாசகர்:
ஸ்லோவாக்கியர் 'நெவியெம்', ஸ்லோவேனியர் 'நே வெம்'. குரோவாசியர், பல்கேரியர் ரஷ்யர் பக்கம்: 'நே ஸ்னாம்', 'நே ஸ்னாயா'. பெலாரூசிய மொழி பேசுபவர் யாராவது வந்தால் கவனித்துக் கேளுங்கள். அங்கே 'வேதாயு' இன்றும் அன்றாடப் பேச்சு.