கவுன்டரில் என்ன நடந்தது: மிசிசிப்பி, லூசியானா, அலபாமாவில் வாக்காளர் பதிவு, 1954–1966

டெல்டா_ஏடு

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கறுப்பின மக்கள் ஓட்டுப் போட முடியாமல் போனதற்கு எழுத்தறிவுத் தேர்வுதான் காரணம் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். தேர்வு ஒரு கட்டம் மட்டுமே. பெயர் சேர்க்கப் போனவருக்கு ஒவ்வொரு படியிலும் என்ன நேர்ந்தது என்று விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். மிசிசிப்பியை நான் தொடங்குகிறேன்.

அங்கே பதிவாளர் என்பவர் கவுன்ட்டியின், அதாவது மாவட்டத்தின், நீதிமன்ற எழுத்தரான சர்க்யூட் கிளார்க். 1954இல் மாநில அரசியலமைப்பைத் திருத்திய பிறகு வந்த விண்ணப்பத்தில் 21 கேள்விகள். பெயர், வயது, முகவரியோடு எங்கே வேலை, யாரிடம் வேலை என்றும் எழுத வேண்டும். சாதாரணக் கேள்வி போலத் தெரியும், ஆனால் முதலாளிக்குத் தகவல் போவதற்கான வழி அதுதான். 18ஆவது கேள்வியில் மாநில அரசியலமைப்பின் ஒரு பிரிவைப் பார்த்து எழுத வேண்டும். 19இல் அதற்கு ‘நியாயமான விளக்கம்’. 20இல் குடிமகனின் கடமைகள் பற்றிச் சிறு கட்டுரை. மொத்தம் 285 பிரிவுகள். எந்தப் பிரிவு என்று கிளார்க்கே விரலை வைத்துக் காட்டுவார். 30ஆம் பிரிவு ஒரே வரி: கடனுக்காக யாரையும் சிறையில் அடைக்கக் கூடாது. இத்தகைய எளிய பிரிவுகள் வெள்ளையருக்குப் போகும்.

1962 ஆகஸ்ட் 31 அன்று ரூல்வில்லிலிருந்து 18 பேர் பழைய பஸ் ஒன்றில் இண்டியனோலா நீதிமன்றத்துக்குப் போனார்கள். அவர்களில் தோட்டத் தொழிலாளி ஃபேனி லூ ஹேமரும் ஒருவர். அவருக்குக் காட்டப்பட்டது 16ஆம் பிரிவு: பின்னால் போட்ட சட்டத்தை முன்னால் நடந்த செயலுக்குப் பொருத்தக் கூடாது, ஒப்பந்தக் கடமைகளைக் குலைக்கும் சட்டம் கூடாது என்பது. பார்த்து எழுதிவிட்டார், விளக்கத்தில் தோற்றார். திரும்பும் வழியில் போலீஸ் பஸ்ஸை நிறுத்தியது. பஸ் அளவுக்கு மீறி மஞ்சளாக இருக்கிறது, பள்ளிப் பேருந்து என்று நினைக்க வைக்கும் என்று டிரைவர் மேல் வழக்கு. 100 டாலர் அபராதம் கேட்டு, கடைசியில் 30க்கு இறங்கினார்கள். பஸ்ஸில் இருந்தவர்கள் காசு சேர்த்துக் கட்டினார்கள். அவர் வீடு போய்ச் சேரும் முன்பே தோட்ட முதலாளிக்குச் செய்தி போயிருந்தது. விண்ணப்பத்தைத் திரும்பப் பெறு, இல்லையென்றால் வெளியேறு என்றார். ஹேமர் அன்றிரவே வெளியேறினார். அந்தத் தோட்டத்தில் அவருக்குப் பதினெட்டு ஆண்டு உழைப்பு.

அந்த ஆண்டே மாநிலச் சட்டமன்றம் இன்னும் இறுக்கியது. விண்ணப்பித்தவரின் பெயரை உள்ளூர்ப் பத்திரிகையில் இரண்டு வாரம் வெளியிட வேண்டும். ‘நல்லொழுக்கம்’ இல்லை என்று எந்த வாக்காளரும் ஆட்சேபிக்கலாம். எனக்கு எல்லாவற்றிலும் கொடுமையாகப் படுவது வேறொன்று: எங்கே தவறினார் என்று கிளார்க் சொல்லக் கூடாது. சொன்னால் அடுத்த முறைக்கு அது ‘உதவி’ ஆகிவிடுமாம்.

நிலுவைச்சீட்டு

டெல்டா அண்ணா, ஹேமர் கதையில் அடுத்த படி தலைவரியில் இருக்கிறது. 1963 ஜனவரியில் தேர்வில் தேறிவிட்டார். ஆனாலும் அந்த ஆண்டு ஓட்டுப் போட முடியவில்லை. ஓட்டுப் போடுவதற்குக் கட்ட வேண்டிய தலைவரி மிசிசிப்பியில் ஆண்டுக்கு 2 டாலர், முந்தைய இரண்டு ஆண்டுகளுக்கும் ரசீது வேண்டும். பட்டியலில் பெயரே இல்லாதபோது எதற்கு வரி கட்டியிருப்பார்? பெயர் ஏறிய பிறகும் காத்திருக்க வேண்டியதாயிற்று.

வரியை வசூலிப்பது ஷெரிஃப் அலுவலகம், கடைசி நாள் பிப்ரவரி 1. தேர்தல் சூடு பிடிப்பதற்குப் பல மாதம் முன்பே கெடு முடிந்துவிடும். டல்லஹாச்சி கவுன்ட்டியில் கறுப்பர்கள் பணத்தை நீட்டினால் அலுவலர்கள் வாங்கவில்லை. ஷெரிஃபை நேரில் பார்க்கச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள், மத்திய நீதித்துறை வழக்குப் போட வேண்டி வந்தது. அலபாமாவில் 1953 வரை நிலுவை சேர்ந்துகொண்டே போய் 36 டாலர் வரை ஏறும்.

1964 ஜனவரியில் நிறைவேறிய, அமெரிக்க அரசியலமைப்பின் 24ஆவது திருத்தம் மத்தியத் தேர்தல்களுக்கு மட்டும்தான் இந்த வரியை நீக்கியது. மாநிலத் தேர்தலுக்கு வரி நீடித்தது. 1966 மார்ச்சில் வர்ஜீனியாவின் 1.50 டாலர் வரியை உச்ச நீதிமன்றம் ரத்து செய்த பிறகுதான் அதுவும் ஒழிந்தது.

பிறந்தநாள்_கணக்கு

லூசியானா படிவத்தில் வயதை ஆண்டு, மாதம், நாள் என்று எழுத வேண்டும். 1923 அக்டோபர் 15இல் பிறந்தவர் 1962 மார்ச் 12இல் போகிறார் என்று வையுங்கள். 38 ஆண்டு, 4 மாதம், 25 நாள். விண்ணப்பிக்கும் நாளையும் சேர்த்தால் 26. இரண்டில் எது சரி என்று படிவத்தில் இருக்காது. பதிவாளர் நினைத்தால் ஒரு நாள் வித்தியாசத்துக்கே தாளைத் தள்ளிவிடலாம்.

விளக்கத் தேர்வு எப்படி நடந்தது என்பதற்கு 1965 மார்ச் 8 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பை அவசியம் படியுங்கள். நீதிபதி ஹியூகோ பிளாக் எழுதியது. வாரண்ட் இல்லாமல் யாரும் ஒருவர் வீட்டுக்குள் புகுந்து பொருளை எடுக்க முடியாது, எதைத் தேடி எடுக்கப் போகிறார்கள் என்று அந்த வாரண்டில் குறிப்பிட வேண்டும் என்று ஒரு கறுப்பர் தெளிவாக விளக்கியிருந்தார். நிராகரிப்பு. பேச்சுரிமைப் பிரிவுக்கு ஒரு வெள்ளையர் மூன்றே சொல் எழுதினார். மூன்றிலும் எழுத்துப் பிழை, எழுத்துக் கூட்டிப் படித்தால்தான் ‘பேச்சுச் சுதந்திரம்’ என்று ஊகிக்க முடியும். அது தேறியது.

பட்டியலில் ஏற்கெனவே இருந்தவர்களுக்கும் நிம்மதி இல்லை. 1956இல் வாஷிதா பாரிஷில் (லூசியானாவில் கவுன்ட்டிக்கு அதுதான் பெயர்) கறுப்பினருக்குச் சம உரிமையை எதிர்த்த வெள்ளையர் குடிமக்கள் கவுன்சில்காரர்கள் பதிவேட்டைப் புரட்டி, பழைய விண்ணப்பங்களில் சின்னச் சின்னப் பிழை கண்டுபிடித்து, 3,000க்கும் மேற்பட்ட கறுப்பர்களின் பெயர்களை நீக்க வைத்தார்கள். அதே பிழைகள் வெள்ளையர் தாள்களிலும் இருந்தன. அவற்றை யாரும் புரட்டவில்லை.

மேக்கன்_வரிசை

அலபாமாவில் படித்தவர்களையும் விடவில்லை. டஸ்கீகி என்ற கறுப்பினக் கல்லூரி இருக்கும் மேக்கன் கவுன்ட்டியில் கல்லூரிப் பேராசிரியர்களே வரிசையில் நின்றார்கள். அங்கே தேர்வைவிட நேரம்தான் ஆயுதம். அமெரிக்க அரசியலமைப்பின் இரண்டாம் பகுதியை, அதிபர் பதவி பற்றிய அந்த நீண்ட பகுதியை, கையால் முழுக்க எழுதச் சொல்வார்கள். ஒருவர் எழுதி முடிக்கவே மணிக்கணக்காகும், அதற்குள் அலுவலகம் மூடிவிடும். புல்லக் கவுன்ட்டியில் ஏற்கெனவே பதிவான ஒருவர் உங்களுக்குச் சாட்சி சொல்ல வேண்டும், ஒரு சாட்சி ஆண்டுக்கு இத்தனை பேருக்குத்தான் என்று வரம்பு வைத்தார்கள். பதிவான கறுப்பர்கள் விரல்விட்டு எண்ணும் அளவில் இருக்கும் ஊரில் யாரைத் தேடிப் போவது?

செல்மாவில் மாதத்தின் முதல், மூன்றாம் திங்கள்தான் பதிவு. 1963 அக்டோபர் 7 அன்று ஏறக்குறைய 350 பேர் நீதிமன்றத்தைச் சுற்றி நின்றார்கள். உள்ளே போக முடிந்தது சில பத்துப் பேரால்தான். வரிசையை விட்டு விலகினால் இடம் போய்விடும். நின்றவர்களுக்குச் சாப்பாடும் தண்ணீரும் கொண்டுபோன இளைஞர்களை அடித்துக் கைது செய்தார்கள்.

ஜான்ஸ்தீவு_வகுப்பு

இந்தத் தடைகளை எதிர்த்தவர்களின் வேலையையும் சொல்லியாக வேண்டும். தென் கரோலினாவில், ஜான்ஸ் தீவில், 1957 ஜனவரி 7 அன்று 14 பேரோடு முதல் குடியுரிமைப் பள்ளி தொடங்கியது. தீவுவாசியான ஈசா ஜென்கின்ஸ் கேட்டுக்கொண்டதால் செப்டிமா கிளார்க் என்ற ஆசிரியை ஏற்பாடு செய்தார், பாடம் எடுத்தவர் பெர்னிஸ் ராபின்சன். அவர் முடி அலங்காரத் தொழில் செய்தவர். ஆசிரியர் பயிற்சி பெற்றவரை வேண்டுமென்றே தவிர்த்தார்கள். பெரியவர்களைக் குழந்தைகள் போல நடத்திவிடக் கூடாது என்பது காரணம். முன்பக்கம் கூட்டுறவுக் கடை, பின்னறையில் வகுப்பு. வெளியே இருந்து பார்ப்பவருக்குச் சாமான் வாங்கப் போகிறார்கள் என்றே தோன்றும்.

முதல் பாடம் கையெழுத்து. அட்டையில் பெயரைப் பெரிதாக எழுதிக் கொடுத்து, அதன் மேலேயே திரும்பத் திரும்ப எழுத வைப்பார்கள். கை பழகிய பிறகு மணியார்டர் படிவம், கடைப் பட்டியலைப் பார்த்து ஆர்டர் எழுதுவது, கடைசியில் பதிவுக்குப் படித்துக் காட்ட வேண்டிய மாநிலச் சட்டப் பகுதி. வாரத்தில் இரண்டு மாலை, விவசாய வேலை குறைந்த குளிர்கால மாதங்களில். முதலில் படிவம், பிறகுதான் அரசியல் என்று இல்லை. சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம் எப்படிக் கேட்பது, பள்ளிப் பேருந்துக்கு யாரிடம் மனுப் போடுவது என்பதும் அதே வகுப்பில் வந்தது. 1961இல் மார்ட்டின் லூதர் கிங்கின் அமைப்பு இதை எடுத்துக்கொண்டு தெற்கு முழுவதும் பரப்பியது.

டெல்டா_ஏடு

1965 ஆகஸ்ட் 6இல் வந்த வாக்குரிமைச் சட்டம் எப்படி வேலை செய்தது என்று சேர்த்துவிடுகிறேன். 1964 நவம்பர் 1 அன்று இத்தகைய தேர்வு நடப்பில் இருந்ததா? அந்த ஆண்டு அதிபர் தேர்தலுக்கு வாக்களிக்கும் வயதினரில் பாதிக்கும் குறைவானவர்களே பதிவு செய்திருந்தார்களா, அல்லது ஓட்டுப் போட்டார்களா? இரண்டுக்கும் ஆம் என்றால் அங்கே தேர்வு நிறுத்தம். தேவையான கவுன்ட்டிக்கு மத்திய அரசே பதிவு அலுவலர்களை அனுப்பலாம். தனித்தனி வழக்குகளால் ஆண்டுக்கணக்கில் நகராதது இதனால் நகர்ந்தது. மிசிசிப்பியில் கறுப்பினப் பதிவு 1964இல் 6.7 சதவீதம், 1967இல் 59.8.

உடனே தடையின் இடம் மாறியது. பெயர் சேர்வதைத் தடுக்க முடியாதபோது, சேர்ந்த ஓட்டைச் செல்லாக்காசாக்கப் பார்த்தார்கள். கவுன்ட்டியை நிர்வகிக்கும் மேற்பார்வையாளர்களுக்கு வட்டாரவாரியாக நடந்த தேர்தலை, கவுன்ட்டி முழுமைக்குமாக மாற்ற மிசிசிப்பி மாநிலம் அனுமதித்தது. ஒரு வட்டாரத்தில் கறுப்பினப் பெரும்பான்மை இருந்தாலும் கவுன்ட்டி மொத்தத்தில் அது கரைந்துவிடும். அத்தகைய மாற்றங்களுக்கும் வாக்குரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும் என்று 1969இல்தான் உச்ச நீதிமன்றம் சொன்னது.