ரோஷ்ஃபோர்: 1868-ஐ மட்டும் கொண்டாடலாமா?

செங்காந்தள்

எங்கள் வாசிப்பு வட்டத்துக்காக ஒரு மொழிபெயர்ப்பு செய்துகொண்டிருக்கிறேன். பிரெஞ்சுப் பத்திரிகையாளர் ஆன்ரி ரோஷ்ஃபோர் பாரிசில் 1868 மே மாதக் கடைசியில் தொடங்கிய 'லா லாந்தெர்ன்' என்ற வார இதழின் முதல் பக்கங்கள். நாம் சொல்லும் லாந்தர் விளக்கும் அந்தச் சொல்லுக்கு உறவுதான். சிவப்பு அட்டை, கையில் அடங்கும் அளவு, முழுக்க ஒரே ஆள் எழுதியது. பேரரசர் மூன்றாம் நெப்போலியன் ஆட்சிக்கு வந்த நாளிலிருந்து வாய்ப்பூட்டோடு கிடந்த பத்திரிகைகளுக்கு அந்த மே மாதம்தான் சட்டம் சற்றுத் தளர்ந்தது. இவர் உடனே உள்ளே புகுந்துவிட்டார்.

முதல் வாக்கியமே என்னைத் திணறடிக்கிறது. "பேரரசின் பஞ்சாங்கப்படி பிரான்சில் மூன்று கோடியே அறுபது லட்சம் 'சுஜே' இருக்கிறார்கள், அதிருப்தியின் 'சுஜே'க்களைச் சேர்க்காமல்." பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்குக் குடிமகன் என்றும் பொருள், காரணம் என்றும் பொருள். தமிழில் எப்படிக் கொண்டுவருவது?

அதற்குப் பிறகு வருவது இன்னும் அழகு. தானும் ஒரு போனபார்ட்டிஸ்ட்தான், அதாவது நெப்போலியன் குடும்பத்தின் ஆதரவாளர்தான், ஆனால் தனக்குப் பிடித்தவர் இரண்டாம் நெப்போலியன் என்கிறார். அந்த இரண்டாமவர் அரியணையே ஏறாதவர். அதனால் அவர் ஆட்சியில் வரி இல்லை, வீண் போர் இல்லை, அரண்மனைச் செலவும் இல்லை! முதல் இதழ் ஒரு லட்சம் பிரதிக்கு மேல் போனது. பதினோராவது இதழைப் பறிமுதல் செய்து, சிறையும் அபராதமும் விதித்தார்கள். இவர் பிரசல்சுக்குத் தப்பி, விக்டர் ஹ்யூகோ வீட்டில் தங்கி, அங்கிருந்தே இதழைத் தொடர்ந்தார். பேரரசரின் பிளாஸ்டர் சிலைகளுக்குள் ஒளித்து எல்லை தாண்டிக் கொண்டுவந்தார்கள் என்று சொல்வதுண்டு.

அதிகாரத்தை எப்படி எழுதுவது என்று இளையவர்களுக்குக் காட்ட இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. உங்கள் கருத்து வேண்டும்.

கல்தச்சன்

மொழிபெயர்ப்பு நல்ல காரியம், செய்யுங்கள். 'நல்ல பாடம்' என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

இதே மனிதர் இருபத்தொன்பது வருஷம் கழித்து என்ன செய்துகொண்டிருந்தார்? ஜெர்மனிக்கு உளவு சொன்னதாக 1894-ல் ராணுவ நீதிமன்றம் தண்டித்த யூத அதிகாரி கேப்டன் டிரெய்ஃபஸ் நிரபராதி என்ற பேச்சு 1897-ல் கிளம்பியபோது, ராணுவத் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி இவர் வீட்டுக்கே வந்து தகவல் சொல்லிவிட்டுப் போனார். அரசாங்கத்தைக் கிழித்துத் தோரணம் கட்டிய பேனா, ராணுவம் சொன்னதை எழுத ஆரம்பித்தது. அந்த டிசம்பரில் இவருடைய 'லான்ட்ரான்சிஜான்' நாளிதழில் வந்த கதை: டிரெய்ஃபஸ் நேரடியாக ஜெர்மன் கைசருக்கே கடிதம் எழுதினாராம், கைசர் கைப்பட எழுதிய கடிதங்களும் இருக்கிறதாம். அப்பட்டமான பொய். 1898 பிப்ரவரியில், யூதரான அரசியல்வாதி ஜோசப் ரைனாக் மீது அவதூறு எழுதியதற்காக ஐந்து நாள் சிறை. வெளியே வந்தபோது கூட்டம் கூடி வாழ்த்தியது.

அதே வருஷம் அக்டோபரில், வழக்கை மறுபடி விசாரிக்கவிருந்த உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் கண்ணிமைகளை அறுத்து, கண்மேல் விஷச் சிலந்திகளைக் கட்டிவிட வேண்டும் என்று எழுதினார். இதையும் உங்கள் வட்டத்தில் வாசிப்பீர்களா?

செங்காந்தள்

நீங்கள் சொல்வது எதையும் மறுக்கவில்லை, கல்தச்சன் ஐயா. அந்த ரோஷ்ஃபோரை நானும் வெறுக்கிறேன். ஆனால் 67 வயதுக்காரர் செய்த பாவத்துக்கு 37 வயதுக்காரரைக் கூண்டில் ஏற்றுவது என்ன நியாயம்?

1870 ஜனவரி 12-ஐ எண்ணிப் பாருங்கள். இரண்டு நாள் முன்னால்தான் பேரரசரின் உறவினர் பியர் போனபார்ட், விக்டர் நுவார் என்ற 21 வயதுப் பத்திரிகையாளரைத் தன் வீட்டில் சுட்டுக் கொன்றிருந்தார். "போனபார்ட் ஒருவன் கொலைகாரனைத் தவிர வேறு ஏதாவதாக இருக்க முடியும் என்று நம்பும் பலவீனம் எனக்கு இருந்தது" என்று ரோஷ்ஃபோர் தன் 'மார்செய்யேஸ்' நாளிதழில் எழுதினார். நையி என்ற புறநகரில் சவ ஊர்வலம். ஒரு லட்சத்துக்கும் மேல் ஜனம். பிணத்தைப் பாரிசுக்குள் தூக்கிப் போவோம், இன்றே புரட்சி என்று ஒரு பக்கம் கத்துகிறார்கள். மறுபக்கம் ராணுவம் காத்து நிற்கிறது. அந்த நேரத்தில் ரோஷ்ஃபோரும் சக பத்திரிகையாளர் டெலெக்ளூசும் கூட்டத்தைத் தடுத்து, உள்ளூர் மயானத்துக்கே சவத்தைப் போகவைத்தார்கள். வெறியைக் கிளப்ப மட்டுமே தெரிந்தவர் என்றால் அன்று பாரிஸ் வீதிகளில் எத்தனை பிணம் விழுந்திருக்கும்?

'மார்செய்யேஸ்' கட்டுரைக்காக அவருக்குக் கிடைத்தது ஆறு மாதச் சிறை. சுட்ட இளவரசர் மார்ச்சில் விடுதலை.

பவளமல்லி

நான் பாரிசில இருக்கிறன். ஓர்சே அருங்காட்சியகத்தில மனே வரைஞ்ச 'ரோஷ்ஃபோர் தப்பித்தல்' படத்தைக் கனதரம் பார்த்திருக்கிறன். முழுக்கக் கடல்தான். நடுவில ஒரு சின்னப் படகு, ஆக்களின்ர முகம் வடிவாத் தெரியாது.

அந்தக் கதை தெரியாத ஆக்களுக்காகச் சொல்லுறன். 1871-ல பாரிஸ் கம்யூன், அதாவது பாரிஸ் நகரத்தைப் பிடிச்ச புரட்சி ஆட்சி, நசுக்கப்பட்ட பிறகு ராணுவ நீதிமன்றம் இவருக்கு ஆயுள் முழுக்க நாடுகடத்தல் விதிச்சது. இவர் கம்யூனின்ர உறுப்பினர்கூட இல்லை, பத்திரிகை நடத்தினவர். 1873-ல 'விர்ஜினி' எண்ட கப்பலில பசிபிக் தீவான நியூ கலிடோனியாவுக்கு அனுப்பினவை. அதே கப்பலில கம்யூன் போராளி லூயிஸ் மிஷேலும் போனவ. 1874 மார்ச்சில ரோஷ்ஃபோரும் இன்னும் ஐஞ்சு பேரும் இரவோட இரவா ஒரு ஆங்கிலேயக் கப்பலில ஏறி ஆஸ்திரேலியாவின்ர நியூகாசிலுக்குத் தப்பினவை. கப்பல் தலைவனுக்குக் குடுக்கிற காசை பிரான்சில இருந்த நண்பர்மார் அனுப்பினவை.

லூயிஸ் மிஷேல் தப்பேல்லை. 1880-ல பொதுமன்னிப்பு வரும்வரை அங்கதான். 1878-ல அந்தத் தீவின்ர பூர்வகுடியான கனாக் மக்கள் அத்தாயின்ர தலைமையில எழும்பேக்க, நாடுகடத்தப்பட்ட கம்யூன்காரரிலயே கனபேர் பிரெஞ்சு ராணுவத்தோட நிண்டவை. மிஷேல் கனாக் மக்களோட நிண்டா. ஒரே கப்பலில போன ரெண்டு பேர். செங்காந்தள் அண்ணா, ராணுவ நீதிமன்றம் பிழை விடும் எண்டு தன்ர உடம்பாலயே அறிஞ்ச மனுசன், இன்னொருத்தனை, அந்த டிரெய்ஃபசை, ராணுவ நீதிமன்றம் பேய்த்தீவுச் சிறைக்கு அனுப்பேக்க எப்பிடி அண்ணா கைதட்டினார்? அதை வயசு எண்டு விட ஏலாது.

நெய்தல்நிலவன்

இடையில் விடுபட்ட ஒரு கட்டத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1881-ல் பிரான்ஸ் துனிசியாவைப் பிடித்தது. துருப்புகள் போனது நாட்டு மானத்துக்காக அல்ல, துனிசியக் கடன் பத்திரங்களை வைத்துப் பங்குச்சந்தையில் பணம் பண்ணியவர்களுக்காக என்று ரோஷ்ஃபோர் எழுதினார். துனிசில் பிரான்சின் பிரதிநிதியாக இருந்த ரூஸ்தான் அவதூறு வழக்குப் போட்டார். டிசம்பரில் பாரிஸ் ஜூரிகள் ரோஷ்ஃபோரை விடுவித்துவிட்டார்கள். ரூஸ்தானை அங்கிருந்து மாற்ற வேண்டி வந்தது. பிறகு வட வியட்நாமில் நடந்த டோங்கின் போருக்காகப் பிரதமர் ஜூல் ஃபெரியையும் விடாமல் அடித்தார்.

1881-ல் காலனி ஆக்கிரமிப்புக்கு எதிராக அந்த அளவு சத்தம் போட்ட பாரிஸ் நாளிதழ்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆக 1868-ல் நல்லவர், 1898-ல் கெட்டவர் என்று நடுவில் ஒரு கோடு போட்டுவிட முடியாது. 1881-ல் அவர் இன்னும் சரியான பக்கத்தில்தான் நின்றார்.

கல்தச்சன்

கோடு போட வேண்டாம் என்பதுதான் என் வாதமும். உங்கள் உதாரணத்தையே எடுத்துக்கொள்கிறேன், நெய்தல். துனிசியாவில் அவர் எறிந்த கல் சரியான இடத்தில் விழுந்தது. டிரெய்ஃபஸ் விஷயத்தில் ஒரு நிரபராதியின் தலையில் விழுந்தது. இரண்டு தடவையும் குறிபார்த்தாரா? மேலே இருப்பவன் திருடன், நமக்குத் தெரியாமல் ஒரு கும்பல் நம்மை விற்கிறது, இதுதான் இரண்டு இடத்திலும் சூத்திரம். பணக்காரக் கும்பல் என்று இருந்ததை எடுத்துவிட்டு யூதர் என்று வைக்க ஒரே ஒரு சொல்லை மாற்றினால் போதுமாக இருந்தது. அதனால்தான் அவ்வளவு சுலபமாக மாற்ற முடிந்தது.

இதழின் பெயரையே பாருங்கள். செங்காந்தளுக்கு அதில் வெளிச்சம் தெரிகிறது. 1789-ல் பாரிஸ் கூட்டம் 'லாந்தெர்னுக்கு!' என்று கத்தினால் விளக்குக் கம்பத்தில் தொங்கவிடு என்று அர்த்தம். 1868-ல் வாங்கிய அத்தனை பேருக்கும் அது தெரியும். தூக்குக்கயிறு முதல் நாளிலிருந்தே இருந்தது.

செங்காந்தள்

இது கொஞ்சம் மிகை. ஒரு கேலிப் பத்திரிகையின் தலைப்பையும் நீதிபதிகளின் கண்ணிமையையும் ஒரே தராசில் வைக்கிறீர்கள்.

அவர் ஏன் மாறினார் என்பதற்கு எனக்குத் தோன்றும் காரணம் வேறு. ஜெர்மானியரோடு நடந்த 1870 போரில் பிரான்ஸ் தோற்று, அல்சாசும் லொரேனின் ஒரு பகுதியும் போனது. அந்தச் சமாதானத்தை ஏற்க மாட்டேன் என்று 1871-ல் நாடாளுமன்றப் பதவியை விட்டு வந்தவர் இவர். அந்தக் காயம் ஆறவே இல்லை. குடியரசு தன்னைக் காப்பாற்றாது, ஒரு ராணுவ வீரன் காப்பாற்றுவான் என்று 1880-களின் பிற்பகுதியில் தளபதி பூலான்ஜேயின் பின்னால் போனார். பூலான்ஜே கவிழ்ந்ததும் இவருக்கும் இரண்டாவது தடவையாக நாடுகடத்தல் தீர்ப்பு. 1889 முதல் 1895 வரை லண்டனில் இருந்தபடியே கட்டுரை அனுப்பிக்கொண்டிருந்தார். திரும்பி வந்தபோது ராணுவம் மட்டுமே அவருக்குப் புனிதமாக மிச்சம் இருந்தது. கம்யூன்காரர்கள் பலரின் தேசபக்தி இப்படித்தான் திரிந்தது. அவர் பாதை தவறியதை நான் நியாயப்படுத்தவில்லை, அது பாதை தவறியதுதான் என்கிறேன்.

மிஷேலைப் பற்றி ஒரு சொல், தங்கச்சி. டிரெய்ஃபஸ் விவகாரத்தில் அவரும் முன்வரிசையில் நிற்கவில்லை. ரோஷ்ஃபோரோடு இருந்த நட்பும் அதற்கு ஒரு காரணம் என்று சொல்வார்கள். ரோஷ்ஃபோர் அவருக்குப் பண உதவியும் செய்துவந்தார். இதையும் சேர்த்துத்தான் எடைபோட வேண்டும்.

பவளமல்லி

அது உண்மைதான், ஒத்துக்கொள்ளுறன். ஆனா பேசாமல் இருந்ததும், நாளாந்தம் பொய் அச்சடிச்சதும் ஒண்டில்லை.

கல்தச்சன்

தேசபக்திக் காயம் என்கிறீர்கள். அது இவருக்கு மட்டுமா இருந்தது?

1894 டிசம்பரில் டிரெய்ஃபசுக்குத் தண்டனை விதித்தபோது அரசியல்வாதியும் பத்திரிகையாளருமான கிளெமான்சோ என்ன எழுதினார்? துரோகிக்கு மரண தண்டனை ஏன் இல்லை என்று கேட்டார். சோஷலிஸ்ட் தலைவர் ஜோரசும் நாடாளுமன்றத்தில் அதே தொனியில்தான் பேசினார். இரண்டு பேரும் தப்பு செய்தார்கள். இரண்டு பேரும் பிறகு ஆவணங்களைப் பார்த்தார்கள், மனம் மாறினார்கள், அதை நாடறியச் சொன்னார்கள். 1898-ல் ஜோரஸ் ஒவ்வோர் ஆதாரமாக எடுத்து அலசி எழுதியவர். பூலான்ஜேயை முதலில் அமைச்சராக்கத் துணை நின்றதும் கிளெமான்சோதான், பிறகு எதிர்த்ததும் அவர்தான்.

இன்னொன்று. 1898 ஜனவரி 13-ல் டிரெய்ஃபசுக்காக நாவலாசிரியர் ஸோலா எழுதிய 'நான் குற்றம் சாட்டுகிறேன்' வெளிவந்த 'லோரோர்' நாளிதழைத் தொடங்கியவர் எர்னெஸ்ட் வோகான். அவர் யார்? ரோஷ்ஃபோரின் நாளிதழில் நிர்வாகியாக இருந்து, அவரோடு முறைத்துக்கொண்டு வெளியேறியவர். அதே அலுவலகத்தில் வளர்ந்த ஒருவரால் முடிந்தது, முதலாளியால் முடியவில்லை. 1898 ஆகஸ்ட்டில் ராணுவ உளவுப் பிரிவின் கர்னல் ஆன்ரி, டிரெய்ஃபசுக்கு எதிராகத் தான் செய்த போலி ஆவணத்தை ஒப்புக்கொண்டு சிறையில் கழுத்தறுத்துச் செத்த பிறகும் ரோஷ்ஃபோர் அசையவில்லை. 1906-ல் உச்ச நீதிமன்றம் டிரெய்ஃபசை முழுக்க விடுவித்தது. 1913-ல் ரோஷ்ஃபோர் சாகிறவரை ஒரு வரி வருத்தம் இல்லை.

தவறான பக்கம் நின்றதைக்கூட மன்னிக்கலாம். ஆதாரம் வந்து வாசலில் நின்றபோது கதவைச் சாத்தினார் பாருங்கள், அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. இளையவர்கள் இவரிடம் நடையைக் கற்றுக்கொண்டால் இதையும் சேர்த்தே கற்றுக்கொள்வார்களோ என்று பயப்படுகிறேன்.

நெய்தல்நிலவன்

இந்த இடத்தில் கல்தச்சன் பக்கம் சாய்கிறேன். ஒரு சிறு தகவலும் இருக்கிறது. ஸோலா இறந்த பிறகு 1903-ல் அவருடைய ஓவியங்கள் ஏலத்துக்கு வந்தன. அதில் செசானின் பழைய படங்களும் இருந்தன. ரோஷ்ஃபோர் 'அசிங்கத்தின் மேல் காதல்' என்று ஒரு கட்டுரை எழுதி, இந்த மாதிரிப் படங்களை ரசிக்கிறவன்தான் டிரெய்ஃபசையும் ஆதரிப்பான் என்ற தோரணையில் செசானைக் கிழித்தார். மனே வரைந்த மனிதர் அவர். தன்னை வரைந்த ஓவியரின் தலைமுறையையே ஒரு அரசியல் பகைக்காக மிதிக்க முடிந்தது. நையாண்டி ஒருவனுக்குப் பழக்கமாகிவிட்டால் கண் வேலை செய்வதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

அப்புறம் உங்கள் முதல் வாக்கியம். இப்படி வைத்துப் பாருங்கள்: "பிரான்சில் மூன்று கோடியே அறுபது லட்சம் குடிகள் என்கிறது பேரரசின் பஞ்சாங்கம், அவர்கள் நெஞ்சில் குடிகொண்ட குறைகள் அந்தக் கணக்கில் சேரவில்லை."

செங்காந்தள்

நெய்தல், அந்தக் 'குடி'க்கு எத்தனை நன்றி சொன்னாலும் போதாது. இரண்டு வாரமாக முட்டிக்கொண்டிருந்தேன்.

கல்தச்சன் ஐயா, கிளெமான்சோ, ஜோரஸ் பற்றி நீங்கள் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. வட்டத்துக்குக் கொடுக்கும் பிரதியில் 1868 பக்கங்களோடு 1897 டிசம்பர்க் கைசர் கதையையும் சேர்க்கிறேன், அடுத்தடுத்த தாள்களில். பவளமல்லி நாடுகடத்தல் பற்றி எழுதியதைச் சிறு முன்குறிப்பாகப் போடலாமா? உங்கள் தமிழ் அப்படியே இருக்கட்டும். 'நல்ல பாடம்' என்ற சொல்லை எடுத்துவிடுகிறேன். ஆனால் இருவரும் ஒரே ரோஷ்ஃபோர் என்பதை மட்டும் இன்னும் ஏற்க மனம் வரவில்லை. நையியில் அந்தக் கூட்டத்தைத் திருப்பியவரும் அவர்தானே.

பவளமல்லி

போடுங்கோ அண்ணா. அத்தாயின்ர பேரை மட்டும் வெட்டிப்போடாதேங்கோ.

கல்தச்சன்

நையியை நானும் மறக்கவில்லை. கைசர் கதை வந்த பக்கத்தை நான் மொழிபெயர்த்து ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்புகிறேன். ஒரு வசவையும் மென்மைப்படுத்தாமல் செய்கிறேன். நீங்களும் வெட்டாமல் போடுங்கள்.