மியூஸ்ஸ்கோரில் தமிழ்ப் பாடல்வரிக்கு எந்த எழுத்துரு?

இசைக்குறிப்பு எழுதும் மென்பொருளான மியூஸ்ஸ்கோரில் 3.6 பதிப்பு முதல் இயல்புநிலை எழுத்துரு எட்வின். அச்சில் அழகுதான், ஆனால் அதில் தமிழ் எழுத்தே கிடையாது. விண்டோஸ் ஒரு தமிழ் எழுத்துருவை இட்டு நிரப்பும், மேக் வேறொன்றை. "கொஞ்-சும்" என்ற அசைகளின் அகலம் மாறியதும் சுர இடைவெளியும் நகரும். ஒரு வரியில் நின்ற 4 பார் (செங்கோடுகளுக்கு இடைப்பட்ட தாளப் பகுதி) 3 ஆகிவிடும்.

நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துருவை 9 புள்ளியில் வைத்து, ஸ்டைல் கோப்பாகச் சேமித்து எல்லோருக்கும் தரலாம் என்று எண்ணம். (பாடல்வரிக்கான ஒற்றைப்படை, இரட்டைப்படை வரி ஸ்டைல் இரண்டையும் மாற்ற வேண்டும்; இரட்டைப்படையை விட்டால் இரண்டாம் சரணம் எட்வினிலேயே நிற்கும்.)

அந்த அளவில் ணு, னூ சுழிகள் லேசர் அச்சில் அடைத்துக்கொள்கின்றனவா? எட்வினின் தடிமனுக்கு ஒத்துப்போகும், திறந்த உரிமமுள்ள வேறு எழுத்துரு இருந்தால் அச்சு மாதிரியோடு சொல்லுங்களேன்.